மீனுக்கு அம்மை வார்த்த வூடு

கள்ளக்குறிச்சியில எறங்கி, கச்சிராயபாளையம் ரோட்டுல இசைவாணியோட மீன் கடை எங்கன்னு கேட்டா, மொதல்ல உங்கள கறிமீன் விக்கற எடத்துக்குத்தான் கை காட்டுவாங்க. "அது இல்லீங்க, கண்ணாடித் தொட்டியில வளக்கற மீனு"ன்னு சொன்னாத்தான், "ஓ, மீன் டாக்டரம்மாவா"ன்னு திருப்பி வுடுவாங்க. முப்பத்தாறு வயசு. ஆளு ஒல்லி, தொண்டை மட்டும் நாலு ஆளுக்குச் சமம். உள்ள போயி "அந்த மீனக் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிக்கினு வந்துடலாம்னு நெனைக்காதீங்க. அவ கேக்கறதுக்கு எல்லாம் பதில் சொல்லணும்.

"வூட்ல கரண்டு எத்தினி மணி நேரம் போவுது? ஊருக்குப் போனா யாரு தீனி போடுவாங்க? தொட்டிய ஜன்னல் ஓரமா வெப்பீங்களா? பூனை இருக்குதா?"

சின்னசேலத்துல இருந்து வந்த ஒருத்தரு பொறுக்க மாட்டாம சொன்னாரு: "எனக்குப் பொண்ணு குடுக்கறப்ப எங்க மாமனாரு கூட இவ்ளோ கேக்கலம்மா."

"கேட்டிருக்கணும்"னு சொல்லிட்டு இவ தண்ணி மாத்தப் போயிட்டா. மனுசன் கோவிச்சிக்கல, சிரிச்சிக்கினே வாங்கிக்கினு போனாரு.

கப்பி, தங்கமீனு, சண்டை மீனு எல்லாம் வாசப் பக்கம் இருக்கும். அதெல்லாம் நல்ல தண்ணி. உள்ளார ஒரு கதவு. அதுக்கு அந்தப் பக்கம்தான் கடலு. கடலைப் பாக்கணும்னா நம்ம ஊர்க்காரங்க கடலூருக்கு பஸ் ஏறணும். இசைவாணிக்கு அந்த வேலை இல்ல. ஃபில்டர் தண்ணிய டிரம்முல புடிச்சி, மூட்டையில வர்ற கடல் உப்புப் பொடியைக் கொட்டி, ஒரு நாள் முழுக்கச் சுத்த வுட்டு, உப்பை அளந்து பாத்து அவளே கடல் பண்ணிடுவா. "கள்ளக்குறிச்சி கடற்கரை"ன்னு அந்த ரூமுக்கு அவளே பேரு வெச்சிருக்கா.

அவளுக்குப் பொறந்த ஊரு எலவனாசூர்கோட்டை. அப்பா அம்மா ரெண்டு பேரும் கரும்பு வெட்டப் போறவங்க. பன்னெண்டாவது முடிச்சதும் பனியன் கம்பெனிக்குப் போறதா இருந்தவ, தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி கூப்ட்டான்னு சென்னையில ஒரு மீன் கடைக்கு வேலைக்குப் போனா. ஒம்போது வருசம் அங்க. மீனுக்குச் செதில் நிக்குதா, மூச்சு வாங்குதா, கல்லுல ஒரசுதா, ஒதுங்கி நிக்குதான்னு தூரத்துல இருந்தே சொல்லிடற கண்ணு அவளுக்கு அங்கதான் வந்துச்சு. நெஞ்சுல ஒரு முள்ளும் அங்கதான் ஏறுச்சு.

அந்த முள்ளுக்குப் பேரு மாண்டரின். வெரல் நீளம் இருக்கும் அந்த மீனு. நீலத்துல பச்சையும் ஆரஞ்சும் வளைஞ்சி வளைஞ்சி ஓடும். தையல்காரன் மிச்சம் புடிச்ச பட்டுத் துணியில எல்லாம் ஒரு துண்டு வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். அழகுன்னா அப்படி ஒரு அழகு! ஆனா பாவி மீனு, நாம போடற தீனியத் தொடாது. கல்லுல ஊர்ற பூச்சி, கடுகுல கால்வாசி கூட இருக்காது, அத உசுரோட கொத்தித் தின்னும். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் கொத்திக்கினே இருக்கணும். வெறுந்தொட்டியில வெச்சா நாளுக்கு நாள் வயிறு ஒட்டும்.

சென்னைக் கடையில ஒரு தடவ ஏழு மாண்டரின் வந்துச்சு. வெறுந்தொட்டி. அழகைப் பாத்து ரெண்டு வித்துச்சு. மீதி அஞ்சும் இவ கண்ணு முன்னாடியே வயிறு ஒட்டி ஒட்டிச் செத்துச்சு. வித்த ரெண்டும் வூட்ல செத்துப்போச்சுன்னு வாங்கினவங்களே வந்து சொன்னாங்க. மொதலாளி கிட்ட கேட்டதுக்கு, "விக்கறது நம்ம வேலை, வளக்கறது அவங்க வேலை"ன்னுட்டாரு. இசைவாணிக்கு அந்தப் பேச்சு செரிக்கவே இல்ல. சொந்தக் கடை போட்டப்ப எந்த மீன் வேணா வெச்சா, மாண்டரின் மட்டும் வெக்கல.

அந்தக் கடைக்குத்தான் கமலா வந்து சேந்தாங்க.

கமலாவுக்கு ஐம்பத்தஞ்சு வயசு. கச்சிராயபாளையத்துல, அணைத் தண்ணி பாயற கரும்புக் காட்டுக்காரங்க. வூட்டுக்காரரு சின்னராசு. பையன் தமிழழகன் சென்னையில வேலை. மூட்டு வலியில வூட்டோட இருந்த கமலா, சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில கடல் மீன் தொட்டியப் பாத்துட்டு, அது மாதிரி வேணும்னு வந்து நின்னாங்க. இசைவாணி நாலடித் தொட்டி வெச்சிக் குடுத்து, ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ரெண்டு வுட்டா. மாசம் ரெண்டு தடவ வண்டியில போயி பாத்துட்டு வருவா. எல்லாம் நல்லாத்தான் போச்சு, கமலா போன்ல மாண்டரின் படத்தைப் பாக்கற வரைக்கும்.

"வாணி, இது வேணும்."

"அது வேணாம்கா. பட்டினியில செத்துப்போவும்."

"என் வூட்ல இது வரைக்கும் எதுவும் பட்டினியில செத்தது இல்லடி."

ஒத்தக் கால்ல நின்னாங்க. இசைவாணியும் சளைக்கல. "ஒரு வருசம் காத்துக்கினு இருப்பீங்களா? தொட்டிக் கல்லுல பாசி புடிச்சிப் பழுக்கணும். பூச்சி பெருகணும். அப்ப பாக்கலாம்"னா. வருசம்னு சொன்னா ஓடிடுவாங்கன்னு நெனைச்சா. கமலாவா ஓடறவங்க? தெனம் விளக்கு வெக்கற நேரத்துக்கு டார்ச்சு, பூதக்கண்ணாடி ரெண்டையும் எடுத்துக்கினு தொட்டி முன்னாடி ஒக்காந்துடுவாங்க. "இன்னைக்கி மூலைக் கல்லுல நாப்பது வரைக்கும் எண்ணினேன் வாணி, அதுக்கு மேல ஓடுதுங்க, எண்ண வுடல"ன்னு போன் வரும். பதினாலு மாசம் கழிச்சி, கல்லு பூரா பூச்சி குடுகுடுன்னு ஓடறத இசைவாணியே பாத்துட்டு, வேற வழியில்லாம ஒரு மாண்டரினக் கொண்டாந்து வுட்டா.

"அக்கா, நான் விக்கற மொத மாண்டரின் இது. இது பட்டினியில செத்துச்சுன்னா கடல் மீன் வியாபாரத்துக்கே முழுக்குப் போட்டுடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

அஞ்சு மாசம் அது ராணி மாதிரி சுத்திக்கினு, கொத்தித் தின்னுக்கினு, கொழுகொழுன்னு இருந்துச்சு.

பொங்கலுக்கு வந்த தமிழழகன், அம்மாவுக்கு ஆசையா பவுடர் ப்ளூன்னு ஒரு நீல மீன வாங்கியாந்தான். பளபளன்னு இருக்கும், ஆனா ரொம்ப நோஞ்சான் சாதி. ஊருல இருக்கற நோயெல்லாம் மொதல்ல அதுக்குத்தான் வரும். இசைவாணி கிட்ட சட்டமே இருக்குது: எந்தப் புது மீனும் ஆறு வாரம் தனியா இருந்துட்டுத்தான் தொட்டிக்குள்ள போவணும். பையனுக்கு அது எங்க தெரியும்? பையைப் பிரிச்சான், நேரா கொட்டிட்டான். இசைவாணி அதுக்கு மொத நாளுதான் வந்துட்டுப் போயிருந்தா. அவ திட்டுவாளேன்னு கமலாவும் வாயத் தெறக்கல.

ரெண்டு வாரம் கழிச்சி இசைவாணி வழக்கம் போல வண்டியில போறா. சின்னராசு வூட்டு கேட்ல ஒரு கொத்து வேப்பிலை கட்டியிருக்குது. பாத்ததும் வண்டிய நிறுத்திட்டா. வூட்ல யாருக்கோ அம்மை வார்த்திருக்கு. வெளி ஆளு உள்ள போவக் கூடாது, யாருக்குன்னு நோண்டிக் கேக்கவும் கூடாது. வெவரம் தெரிஞ்ச எவளும் அதத்தான் செய்வா. சந்தைப் பக்கம் போயி நாலு எளநீ வாங்கியாந்து கேட்டு ஓரமா வெச்சா. "தாயே, நல்லபடியா எறங்கிடும்மா"ன்னு கன்னத்துல போட்டுக்கினு திரும்பிட்டா. கமலாக்காவுக்கு இருக்குமோ, இந்த வயசுல தாங்குவாங்களான்னு ஊரு வந்து சேர்ற வரைக்கும் மனசே சரியில்ல.

அஞ்சு நாள் கழிச்சி காலையில போன் வருது.

"வாணி, ஒரு சந்தேகம். அம்மா எறங்கிட்டாங்க. ஒம்போதாவது நாளு, மொதத் தண்ணி ஊத்தணும். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அண்டாவ வெயில்ல வெச்சிட்டேன். நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

இசைவாணிக்கு ஒன்னும் புரியல. "உப்புத் தண்ணி எதுக்குக்கா? யாருக்கு அம்மை?"

"யாருக்கா? மீனுக்குத்தான். மூணுத்துக்கும் ஒடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையா முத்து போட்டுச்சு. மாண்டரினுக்கு மட்டும் போடல, மாரியாத்தா புண்ணியம்."

"ஊத்தாதீங்க!" இசைவாணி போட்ட கத்துல கடையில இருந்த கஸ்டமரு கையில இருந்த பையக் கீழ வுட்டுட்டாரு. "ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்கக்கா! நான் வந்துக்கினே இருக்கேன்!"

வேப்பிலைத் தண்ணி ஒரு சொம்பு உள்ள போனா, கல்லுல இருக்கற பூச்சி அத்தினியும் காலி. காட்டுல பூச்சிக்கு அடிக்கறதே வேப்பெண்ணெய்தானே! வண்டி அரை மணி நேரத்துல கச்சிராயபாளையத்துல நின்னுச்சு.

உள்ள போனா, ஹால்ல வெளக்கு இல்ல. ஜன்னலுக்கெல்லாம் சேலை கட்டியிருக்குது. தொட்டிக்கு மேல வேப்பிலைத் தோரணம், முன்னாடி சொம்புல மஞ்சத் தண்ணி. சின்னராசு மூலையில, முகம் செத்துப் போயி ஒக்காந்துக்கினு இருக்காரு.

"வாம்மா. ஒம்போது நாளா தாளிப்பு இல்ல. கறி இல்ல, கருவாடு இல்ல. கேவரகுக் கூழு, வெங்காயம். மீனுக்கு அம்மை வார்த்ததுக்கு மனுசன் மீன் கொழம்பு இல்லாமக் கெடக்கறேன். நீ வெச்சிட்டுப் போன எளநீதான் உசுரக் காப்பாத்துச்சு."

"மொதல்லயே எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாக்கா?"

கமலா ரொம்ப நியாயமா மொகத்த வெச்சிக்கினு சொன்னாங்க: "அம்மை போட்டா டாக்டரக் கூப்பிடக் கூடாது. நீ டாக்டருதானே?"

இசைவாணிக்குக் கோவம் வந்த வேகத்துலயே சிரிப்பும் வந்துடுச்சு. ஊரே வெச்ச பேரு, இப்படி வந்து காலை வாரும்னு யாரு கண்டா! ஆனா தொட்டிய எட்டிப் பாத்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. கோமாளிங்களோட புதுசா ஒரு நீல மீனு; நோய் எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பவே புரிஞ்சிது. ஆனா புள்ளி ஒன்னு கூட இல்ல. மீனெல்லாம் பளிச்சுன்னு சுத்துது. அதுதான் அவளுக்குப் பயம்.

"எறங்கிடுச்சுன்னு நெனைச்சீங்க இல்ல? அந்தக் கிருமி மீன வுட்டு எறங்கி மண்ணுல ஒக்காந்துக்கினு பெருகுதுக்கா. இன்னும் நாலஞ்சு நாள்ல ஒன்னு நூறாத் திரும்ப வரும். அப்ப எதுவும் தப்பாது. எல்லா மீனையும் வெளிய எடுக்கணும். ரெண்டரை மாசம் இந்தத் தொட்டியில மீனே இருக்கக் கூடாது. ஏற மீனு இல்லாம கிருமி தானா சாவும். கல்லும் பூச்சியும் அப்படியே இருக்கட்டும்."

"மருந்து?"

"தாமிர மருந்து இருக்குது. மத்த மூணும் தாங்கும். மாண்டரின் தாங்காது. அதனால மருந்தே வேணாம், பிளாஸ்டிக் டப்பு மாத்தி மாத்திக் காப்பாத்தலாம். மூணு நாளைக்கு ஒரு தடவ, புது டப்பு, புதுத் தண்ணி. மீன் மேல இருக்கறது கீழ எறங்கிப் பெருகறதுக்கு முன்னாடியே நாம மீன எடுத்துக்கினு அடுத்த டப்புக்குப் போயிடணும். பழைய டப்பக் கழுவி வெயில்ல காயப் போட்டா ஒன்னும் பொழைக்காது. இப்படி நாலு தடவ. பன்னெண்டு நாளு."

கமலாவுக்கு மொகம் மலந்துடுச்சு. "அப்படின்னா மொதத் தண்ணி, ரெண்டாந்தண்ணி, மூணாந்தண்ணின்னு சொல்லு. அதத்தானே நானும் சொன்னேன்!"

இசைவாணி வெரல வுட்டு எண்ணிப் பாத்தா. அக்கா சொன்னது அப்படி ஒன்னும் தப்பு இல்லியே!

அன்னைக்கே நாலு டப்பு வந்துச்சு. ஒன்னுல கோமாளியும் நீலமும், ஒன்னுல மாண்டரின் தனியா, மாத்தறதுக்கு ரெண்டு. அந்த மூணு மீனப் பத்திக் கவலை இல்ல, போட்ட தீனியத் தின்னுதுங்க. பையன் கொண்டாந்த நீலம் இருக்குதே, அதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி வாயத் தெறந்துக்கினு நிக்குது. மாண்டரின்தான் பாடாப் படுத்துச்சு. வெறும் டப்பு, கல்லு இல்ல, மண்ணு இல்ல. இசைவாணி தன்னோட கடையில தனியா வளத்துக்கினு இருந்த கல்லுப் பூச்சிய உறிஞ்சி எடுத்தாந்து உள்ள வுட்டா. எறா முட்டை பொரிச்சி, தூசி மாதிரி இருக்கற குஞ்ச வுட்டா. அது ஒரு மூலையில போயி ஒட்டிக்கினு, மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

மொதத் தண்ணி முடிஞ்சிது. சாப்புடல. அடுத்த நாளும் சாப்புடல. இசைவாணி கடைய மூடிட்டு அங்கயே கெடையா கெடந்தா. கால் மணிக்கு ஒரு தடவ போயி குனிஞ்சி பாக்கறா. போன் வெளக்க அடிச்சிப் பாக்கறா. டப்ப லேசாத் தட்டிப் பாக்கறா. வயிறு உள்ள போவ ஆரம்பிச்சிடுச்சு. சென்னையில பாத்த அதே வயிறு.

"சாப்ட்டா பொழைச்சிக்கும். இன்னும் நாலு நாள் சாப்புடலன்னா அவ்ளோதான்கா"ன்னா இசைவாணி. "நான் குடுத்திருக்கவே கூடாது. எல்லாம் தெரிஞ்சிக்கினே குடுத்தேன்."

ரெண்டாந்தண்ணி முடிஞ்ச அன்னைக்கி கமலா இடுப்புல கை வெச்சிக்கினு வந்து நின்னாங்க.

"வாணி, எழுந்து வெளிய போ."

"இன்னாக்கா?"

"அம்மை வார்த்த வூட்ல ஆளு வந்து வந்து எட்டிப் பாக்கக் கூடாதுன்னு எதுக்குச் சொல்றாங்க? படுத்திருக்கறது நிம்மதியா இருக்கணும்னுதான். நீ ஒரு மணி நேரத்துல நாலு தடவ அது மூஞ்சில வெளக்கடிக்கற. உன் மூஞ்சில நான் அடிச்சா நீ சாப்புடுவியா?"

இசைவாணி மலைச்சிப் போயிட்டா. வாங்க வர்றவங்க கிட்ட எல்லாம் "தொட்டியத் தட்டாதீங்க, மீனு பயப்படும்"னு கடையில பலகை எழுதி மாட்டி வெச்சிருக்கறவ அவ! பயம் வந்தா டாக்டருக்கும் புத்தி மழுங்கிப்போவும்போல. தலையக் குனிஞ்சிக்கினு வெளிய வந்து, வாசல்ல போட்டிருந்த கட்டில்ல ஒக்காந்தா.

கமலா வாசல்ல கெடந்த கைப்பிடி அளவு கல்லு ஒன்னக் கழுவி டப்பு மூலையில வெச்சாங்க, மீனு ஒண்டிக்கறதுக்கு. பூச்சியும் குஞ்சும் ஒரு கரண்டி வுட்டாங்க. சின்னராசோட பழைய வேட்டி ஒன்ன டப்பு மேல விரிச்சி மூடினாங்க. அன்னைக்கி முழுக்க யாரும் அந்தப் பக்கம் போவக் கூடாதுன்னு உத்தரவு. இசைவாணி வாசல்ல, ஹாலுக்கு முதுகக் காட்டிக்கினு நகத்தைக் கடிச்சா. மறுநாளும் அப்படியே. தீனி போட கமலா மட்டும் உள்ள போவாங்க, பாக்காம போட்டுட்டு வருவாங்க. "பாத்தீங்களாக்கா?" "பாக்கல." "கொஞ்சம் கூடவா?" "வாய மூடு."

மூணாந்தண்ணிக்கு மொத நாள் மத்தியானம். கமலா தூங்கறாங்க. இசைவாணி வாசல்ல. அப்ப ஹால்ல இருந்து சின்னராசு கொரலு, கிசுகிசுன்னு, ஆனா தெருவுக்கே கேக்கற மாதிரி:

"வாணி! ஏய் வாணி! கொத்துது!"

ஓடுனா. மனுசன் டப்பு முன்னாடி மண்டி போட்டுக்கினு, வேட்டியில ஒரு கண்ண வெச்சிக்கினு இருக்காரு. வேட்டி பீடி நெருப்பு பட்ட வேட்டி, அதுல பட்டாணி அளவு ஒரு ஓட்டை. உத்தரவு போட்டவங்க தூங்கற நேரம் பாத்து, தெனம் இவரு திருட்டுத்தனமா பாத்துக்கினு இருந்திருக்காரு.

"வாயக் குவிச்சி, டொப்பு டொப்புனு எடுக்குதும்மா. கல்லச் சுத்திச் சுத்தி. இதோ ஒன்னு. இதோ!"

சத்தம் கேட்டு கமலாவும் எழுந்து வந்துட்டாங்க. "யாரு எட்டிப் பாக்கறது?"ன்னு கேட்டவங்க, வெசயம் தெரிஞ்சதும் புருசன ஒரு தள்ளு தள்ளிட்டு, மூட்டு வலியும் மறந்து கீழ ஒக்காந்து ஓட்டையில கண்ண வெச்சாங்க. நிமுந்தப்ப கண்ணு ரெண்டும் நெறைஞ்சி இருந்துச்சு.

"பதினொன்னு எண்ணிட்டேன்டி. வயிறு கூட கொஞ்சம் வந்திருக்குது. நீ பாரு. ஒரு நிமிசந்தான். வெளக்கடிக்காத."

இசைவாணி மண்டி போட்டா. உள்ள அரை இருட்டு. அந்தக் கல்லு ஓரமா, பட்டுத் துண்டு மாதிரி அது காத்துல நிக்கற கணக்கா தண்ணியில நிக்குது. கண்ண உருட்டிப் பாக்குது. ஒன்னக் கண்டுபுடிச்சி, டொப்புனு எடுத்துச்சு. நகந்துச்சு. இன்னொன்னு. ஒம்போது வருசம் சென்னையில இருந்து அந்த ஏழு மாண்டரினையும் பாத்தவ, வெறும் டப்புல ஒரு மாண்டரின் தின்னறத இன்னைக்கித்தான் பாக்கறா. அழுகை வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. ரெண்டையும் சத்தம் இல்லாம வாயப் பொத்திக்கினு அடக்கினா.

"ஒரு நிமிசம் ஆயிடுச்சி, எழுந்திரு"ன்னு கமலா தோள்ல தட்டினாங்க.

"இன்னும் ஆவலக்கா"ன்னா இசைவாணி.